ஹோண்டா சிட்டி: புதிதாகவோ பழையதாகவோ வாங்கும் முன் மதிப்பிடும் முறை

ஹோண்டா சிட்டி என்பது ஜப்பானின் ஹோண்டா நிறுவனம் தயாரிக்கும் நடுத்தர அளவு செடான் வகைக் கார். இந்தியாவில் 1998 முதல் விற்பனையில் உள்ளது. எஞ்சினுக்கும் பயணிகள் அறைக்கும் டிக்கிக்கும் தனித்தனிப் பகுதிகள் கொண்ட நான்கு கதவுக் காரையே செடான் என்கிறோம். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரே பெயரில் விற்கப்பட்டதால், ஷோரூமில் மட்டுமின்றிப் பழைய கார்ச் சந்தையிலும் சிட்டி தாராளமாகக் கிடைக்கிறது. ‘நல்ல வண்டி’ என்ற பெயரும் அதற்கு உண்டு. ஆனால் அந்தப் பெயர் பொதுவான மாடலுக்கு உரியது; வாங்கப்போவதோ ஒரு குறிப்பிட்ட கார். அந்த ஒரு காரின் தலைமுறை, வகை, ஆவணம், உடல்நிலை ஆகியவற்றைத் தனியே பார்த்தால்தான் கொடுக்கும் பணத்துக்கு அது தகுமா என்று சொல்ல முடியும். அதற்கான வழிமுறையை இக்கட்டுரை விளக்குகிறது.

தலைமுறைகள்

சிட்டி என்ற பெயர் 1981-இல் ஜப்பானில் ஒரு சிறிய ஹேட்ச்பேக் காருக்குச் சூட்டப்பட்டது. ஆசியச் சந்தைக்கான செடானாக அது 1996-இல் தாய்லாந்தில் மறுபிறவி எடுத்தது. இந்தியாவில் வந்தவற்றை ஐந்து தலைமுறைகளாக எண்ணுவது வழக்கம்.

முதல் தலைமுறை (1998–2003): 1.3, 1.5 லிட்டர் பெட்ரோல் எஞ்சின்கள் கொண்டது. 2000-இல் விடெக் எஞ்சினும் சேர்ந்தது.

இரண்டாம் தலைமுறை (2003–2008): ஒரு சிலிண்டருக்கு இரண்டு ஸ்பார்க் பிளக் வீதம் மொத்தம் எட்டு பிளக் கொண்ட ஐ-டிஎஸ்ஐ எஞ்சின் இதன் அடையாளம். வேகத்தைவிட மைலேஜுக்குப் பெயர் பெற்றது. பின்னாளில் ‘சிட்டி இசட்எக்ஸ்’ என்று விற்கப்பட்டது.

மூன்றாம் தலைமுறை (2008–2013): 118 குதிரைத்திறன் தரும் 1.5 லிட்டர் ஐ-விடெக் பெட்ரோல் எஞ்சின். டீசல் இல்லை.

நான்காம் தலைமுறை (2014 முதல்): சிட்டி முதன்முதலாக டீசலில் வந்தது இதில்தான். பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கில் சிவிடி கியர் பொருத்தப்பட்டது.

ஐந்தாம் தலைமுறை (2020 ஜூலை முதல்): நீளமும் அகலமும் கூடின. 2022-இல் ஹைபிரிட் வந்தது. 2023 முகமாற்றத்துடன் டீசல் நிறுத்தப்பட்டது.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஐந்தாம் தலைமுறை வந்த பிறகும் நான்காம் தலைமுறையின் பெட்ரோல் காரை ஹோண்டா 2023 வரை குறைந்த விலையில் விற்றுவந்தது. ஆகவே ‘2021 மாடல் சிட்டி’ என்று விளம்பரத்தில் கண்டால் அது எந்தத் தலைமுறை என்று ஆண்டை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. இரண்டுக்கும் விலையில் கணிசமான வேறுபாடு இருக்கும். வகைப் பெயரையும் ஆர்.சி.யில் உள்ள விவரத்தையும் கேட்டே பேரம் பேச வேண்டும்.

இடவசதி

ஐந்தாம் தலைமுறை அறிமுகமானபோது அதன் நீளம் 4,549 மி.மீ., அகலம் 1,748 மி.மீ., முன்பின் சக்கரங்களுக்கு இடையிலான தூரம் 2,600 மி.மீ. டிக்கியின் கொள்ளளவு 506 லிட்டர். நால்வர் வசதியாகவும், தேவைப்பட்டால் ஐந்தாமவர் சற்று நெருக்கியும் அமரலாம். பின் இருக்கையில் கால் நீட்ட இடம் தாராளம் என்பது தலைமுறை தலைமுறையாகச் சிட்டிக்கு உள்ள சிறப்பு.

ஹைபிரிட் வகையில் பேட்டரி பின்பக்கம் இடம் பிடித்துக்கொள்வதால் டிக்கி ஏறக்குறைய 300 லிட்டராகச் சுருங்கிவிடும். குடும்பத்தோடு அடிக்கடி ஊருக்குப் போகிறவர்கள் வழக்கமாக எடுத்துச் செல்லும் பெட்டிகளை நேரில் வைத்துப் பார்ப்பது நல்லது.

தரைக்கும் வண்டியின் அடிப்பகுதிக்கும் இடைவெளி 165 மி.மீ. ஐந்து பேரும் சுமையும் ஏறினால் இது இன்னும் குறையும். ஊர்த் தெருக்களில் உயரமான வேகத்தடைகளைக் கடப்பவர்கள் இதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதியவர்களுக்கு இன்னொரு சோதனை தேவை. செடானில் தாழ இறங்கி அமர வேண்டும். எழும்போது முழங்காலுக்கு வேலை அதிகம். முழங்கால் வலி உள்ளவரை நாலைந்து முறை ஏறி இறங்கச் சொல்லிப் பார்த்தாலே விடை தெரிந்துவிடும்.

எஞ்சின், கியர், எரிபொருள்

ஐந்தாம் தலைமுறையின் 1,498 சிசி பெட்ரோல் எஞ்சின் 121 குதிரைத்திறனும் 145 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையும் தருகிறது. நிறுவனம் அறிவித்த மைலேஜ், ஆறு கியர் மேனுவலுக்கு லிட்டருக்கு 17.8 கி.மீ., சிவிடி ஆட்டோமேட்டிக்குக்கு 18.4 கி.மீ. டீசலுக்கு 24.1 கி.மீ. ஹைபிரிட் அறிமுகமானபோது 26.5 கி.மீ. என்று அறிவிக்கப்பட்டது. இவை ஆய்வுக்கூடச் சோதனை எண்கள். ஏசியுடன் நகர நெரிசலில் ஓட்டும்போது குறைவாகவே கிடைக்கும். எனவே இந்த எண்களை வகைகளை ஒன்றோடொன்று ஒப்பிட மட்டும் பயன்படுத்துவது சரி.

சிவிடி என்பது தனித்தனிப் பல்சக்கர கியர்களுக்குப் பதில் விரிந்து சுருங்கும் இரு கப்பிகளும் அவற்றை இணைக்கும் எஃகுப் பட்டையும் கொண்ட அமைப்பு. கியர் மாறும் உதறல் இல்லாததால் பயணம் மென்மையாக இருக்கும். இதற்கென உரிய எண்ணெயை மட்டுமே ஊற்ற வேண்டும். உரிய இடைவெளியில் மாற்றவும் வேண்டும். இதைத் தவறவிட்ட வண்டியில் பெருஞ்செலவு காத்திருக்கும்.

பழைய சந்தையில் டீசல் சிட்டி நெடுந்தூரம் ஓடுபவர்களுக்கு ஏற்றது. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பிஎஸ்-6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. தேங்கிய கரி எரிந்து போக வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓட வேண்டும். பள்ளிக்கும் கடைக்கும் மட்டும் போய்வரும் குடும்பத்துக்கு அது பொருந்தாது.

ஹைபிரிட்டுக்குக் கூடுதல் விலை கொடுக்கலாமா என்பதை ஒரு கணக்கால் அறியலாம். ஆண்டுக்கு 12,000 கி.மீ. ஓட்டம் என்று கொள்வோம். லிட்டருக்கு 18.4 கி.மீ. என்றால் 652 லிட்டர் தேவை, 26.5 கி.மீ. என்றால் 453 லிட்டர். மிச்சம் 199 லிட்டர். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 20,000 ரூபாய் மிச்சமாகும். இரு வகைகளுக்கும் விலை வேறுபாடு 4 லட்சம் எனில் அதை ஈடுகட்ட 20 ஆண்டுகள் ஆகும். ஆண்டுக்கு 30,000 கி.மீ. ஓடினால் எட்டு ஆண்டுகள் போதும். நகர நெரிசலில் ஹைபிரிட்டின் மிச்சம் கூடும். அவரவர் ஓட்டத்தையும் அன்றைய விலையையும் இட்டு இக்கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

பாதுகாப்பு

ஐந்தாம் தலைமுறை சிட்டி, தென்கிழக்கு ஆசிய நாடுகளுக்கான ஆசியான் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றது. இந்தியாவில் தயாரான நான்காம் தலைமுறையைக் குளோபல் என்கேப் சோதித்து 2022-இல் 4 நட்சத்திரம் அளித்தது. சோதனை அமைப்புகளின் விதிகளும் ஆண்டுகளும் வேறுபடுவதால் நட்சத்திரங்களை மட்டும் எண்ணி ஒப்பிடக் கூடாது.

பழைய வண்டியில் ஏர்பேக்குகளின் எண்ணிக்கை வகைக்கு வகை மாறும். இந்தியாவில் எல்லாப் புதிய கார்களுக்கும் ஏபிஎஸ் பிரேக் 2019 ஏப்ரலிலும், ஓட்டுநர் ஏர்பேக் 2019 ஜூலையிலும்தான் கட்டாயமாயின. அதற்கு முந்தைய கார்களில் எது இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும்.

திரும்ப அழைப்பு இன்னொரு முக்கியச் செய்தி. டகாடா நிறுவனம் தயாரித்த ஏர்பேக் ஊதுகருவிகள் வெப்பத்திலும் ஈரத்திலும் நாளடைவில் கெட்டு, விரியும்போது உலோகத் துண்டுகளைச் சிதறடிக்கும் அபாயம் உலகெங்கும் கண்டறியப்பட்டது. பழைய சிட்டி கார்கள் பலவும் இதற்காக இந்தியாவில் திரும்ப அழைக்கப்பட்டன. 2018-ஐ ஒட்டி உருவான பல வண்டிகளுக்கு எரிபொருள் பம்ப் மாற்றவும் அழைப்பு வந்தது. இவற்றுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் வண்டி கைமாறும்போது தகவல் புதிய உரிமையாளரை எட்டாமல் போகலாம். 17 இலக்கச் சேசிஸ் எண்ணை ஹோண்டாவின் இணையதளத்தில் இட்டாலோ சர்வீஸ் மையத்தில் கொடுத்தாலோ வேலை நிலுவையில் உள்ளதா என்று தெரியும். வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த கடலோர ஊர்களில் இச்சோதனையை ஒருபோதும் தவிர்க்கக் கூடாது.

புதிதாக வாங்கும்போது

விளம்பரத்தில் வருவது எக்ஸ்-ஷோரூம் விலை. வண்டி சாலைக்கு வரும்போது ஆகும் மொத்தம் ஆன்-ரோடு விலை. எக்ஸ்-ஷோரூம் விலைக்குள் ஜிஎஸ்டி அடங்கியிருக்கும். 2025 செப்டம்பர் 22 முதல், 1,200 சிசிக்கும் 4 மீட்டர் நீளத்துக்கும் உட்பட்ட பெட்ரோல் கார்களுக்கு 18 விழுக்காடும் சிட்டி போன்ற பெரிய கார்களுக்கு 40 விழுக்காடும் ஜிஎஸ்டி. சிறிய செடானுக்கும் சிட்டிக்கும் விலை இடைவெளி விரிவதற்கு இது ஒரு காரணம்.

இதற்கு மேல் மாநில வாழ்நாள் வரி சேரும். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரை விலையுள்ள கார்களுக்கு 18 விழுக்காடு. 14 லட்சம் ரூபாய்க் காருக்கு இதுவே 2.52 லட்சம். 10 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 1 விழுக்காடு வருமான வரியும் முன்கூட்டி வசூலிக்கப்படும். இதை வருமான வரிக் கணக்கில் ஈடுசெய்துகொள்ளலாம். புதிய காருக்கு மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆனால் அதை ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வெளியே விலை கேட்டு ஒப்பிடலாம்.

பதிவுக்கு முன்பே வண்டியைப் பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். உற்பத்தி மாதமும் ஆண்டும் பில்லோடு ஒத்துப்போகின்றனவா, ஓடிய கிலோமீட்டர் மிகக் குறைவாக உள்ளதா, பெயிண்டில் கீறல் உண்டா, எல்லா விளக்குகளும் கண்ணாடிகளும் வேலை செய்கின்றனவா என்று சரிபார்த்த பிறகே மீதிப் பணம் கட்டுவது முறை.

பழையதாக வாங்கும்போது

ஆவணங்கள். வண்டியைப் பார்க்கும் முன்பே ஆவணங்களைப் பார்த்துவிட வேண்டும். பரிவாகன் இணையதளத்தில் பதிவு எண்ணைக் கொடுத்தால் பதிவு நாள், எத்தனையாவது உரிமையாளர், காப்பீடு முடியும் நாள், வங்கிக் கடன் நிலுவை போன்றவை தெரியும். ஆர்.சி.யில் உள்ள எஞ்சின், சேசிஸ் எண்கள் வண்டியில் பொறித்தவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் படிவம் 35-உம் தேவை.

வெளிமாநில வண்டி விலை குறைவாகத் தெரியும். டெல்லி வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் கார்களுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் கார்களுக்கும் விதிக்கப்பட்ட கட்டுப்பாட்டால் அங்கிருந்து பல கார்கள் தெற்கே வருகின்றன. அவற்றைத் தமிழ்நாட்டில் மறுபதிவு செய்ய அந்த மாநிலத் தடையில்லாச் சான்று வேண்டும்; இங்கே வரியும் கட்ட வேண்டும். அதையும் சேர்த்தால் விலைக் குறைவு பெரும்பாலும் மறைந்துவிடும்.

ஓடிய தூரம். மீட்டரில் உள்ள எண்ணைக் குறைத்துக் காட்டுவது பழைய கார் வியாபாரத்தில் உள்ள ஏமாற்று. சர்வீஸ் பில்களில் தேதிவாரியாகக் கிலோமீட்டர் பதிவாகியிருக்கும். அவை ஏறுவரிசையில் இருக்க வேண்டும். டயரின் பக்கச் சுவரில் உள்ள நான்கு இலக்கங்கள் அது உருவான வாரத்தையும் ஆண்டையும் சொல்லும். 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். மீட்டர் 25,000 காட்டும் காரில் நான்கு டயரும் மாற்றப்பட்டிருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும். பிரேக் மிதியின் ரப்பர், ஸ்டியரிங் உறை, ஓட்டுநர் இருக்கையின் ஓரம் ஆகியவற்றின் தேய்மானமும் சாட்சி சொல்லும்.

விபத்து அடையாளம். பானெட், கதவு, டிக்கி ஆகியவற்றின் போல்ட்டுகளில் பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அவை கழற்றி மாட்டப்பட்டவை. இரு பக்க இடைவெளிகளும் சமமாக இருக்க வேண்டும். பட்டி பூசி மறைத்த இடத்தில் மெல்லிய துணி சுற்றிய காந்தம் சரியாக ஒட்டாது. சிறு இடிக்கு டிங்கரிங் செய்திருப்பது குற்றமில்லை. சேசிஸும் தூண்களும் வளைந்து நிமிர்த்தப்பட்ட வண்டியைத் தவிர்ப்பதே நல்லது. சாவியைத் திருகியதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் விளக்கைத் துண்டித்திருக்கலாம். விபத்தில் விரிந்த ஏர்பேக் மாற்றப்படாமலும் இருக்கலாம்.

வெள்ளம். சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் ஆயிரக்கணக்கான கார்கள் நீரில் மூழ்கின. அத்தகைய வண்டி கழுவித் துடைத்தபின் பார்வைக்குப் புதிதாக இருக்கும். மின்கம்பி இணைப்புகள் மாதக்கணக்கில் மெல்லத் துருப்பிடிக்கும். சீட் பெல்ட்டை இறுதிவரை இழுத்தால் சேற்றுக் கறை தெரியலாம். தரைவிரிப்பின் அடியிலும் ஸ்டெப்னி வைக்கும் குழியிலும் மண்ணும் துருவும் இருக்கின்றனவா, உள்ளே ஈரவாடை வருகிறதா என்று பார்க்க வேண்டும். காப்பீட்டு நிறுவனத்தில் முந்தைய இழப்பீட்டு விவரத்தையும் கேட்கலாம்.

எஞ்சினும் ஓட்டமும். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்ய வேண்டும். முன்னதாகவே சூடாக்கி வைத்திருந்தால் பானெட்டைத் தொட்டாலே தெரியும். நீலப் புகை, எஞ்சின் எண்ணெய் எரிவதைக் காட்டும். நிற்காத வெள்ளைப் புகை கூலன்ட் கசிவுக்கு அடையாளம். எண்ணெய் மூடியின் உட்புறம் பால்போன்ற படிவு இருந்தாலும் எச்சரிக்கை தேவை. சிவிடி வண்டியை நின்ற நிலையிலிருந்து மெதுவாக எடுத்து, ஏற்றத்திலும் ரிவர்ஸிலும் ஓட்ட வேண்டும். அதிர்வோ தயக்கமோ இருக்கக் கூடாது. மேனுவலில் எஞ்சின் சத்தம் ஏறியும் வேகம் ஏறவில்லை என்றால் கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மேடுபள்ளத்தில் ‘கடகட’ ஒலி வந்தால் சஸ்பென்ஷன் புஷ்கள் தேய்ந்திருக்கும். அது சரிசெய்யக்கூடியது, அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்கலாம். கடைசியாக, விற்பவருக்குத் தொடர்பில்லாத மெக்கானிக்கிடம் காட்டி, வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பகுதியைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மெக்கானிக்குக்குக் கொடுக்கும் கூலி, தவறான வண்டியில் போகும் பணத்தோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது.

உரிமை மாற்றம்

பணம் கொடுத்துச் சாவி வாங்கியதோடு விற்பனை முடிவதில்லை. படிவம் 29, 30 ஆகியவற்றை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்துப் பெயர் மாற்ற வேண்டும். விற்றவர் 14 நாளுக்குள்ளும் (வெளிமாநிலம் என்றால் 45 நாள்) வாங்கியவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-ஆம் பிரிவு. பெயர் மாறாத வண்டி விபத்துக்குள்ளானால் பதிவேட்டில் பெயருள்ளவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்தது. விற்பவர்களும் இதை மறக்கக் கூடாது. சொந்தச் சேதக் காப்பீட்டையும் 14 நாளுக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். இழப்பீடு கோராததற்கான தள்ளுபடி விற்றவருக்கே உரியது, வண்டியோடு வராது.

புதியதா, பழையதா?

காப்பீட்டுக்காக வண்டியின் மதிப்பைக் கணிக்கும்போது, இரண்டு முதல் மூன்று ஆண்டு வயதுக்கு 30 விழுக்காடும் நான்கு முதல் ஐந்து ஆண்டு வயதுக்கு 50 விழுக்காடும் தேய்மானம் கழிப்பார்கள். சந்தை விலை இதே அளவாக இராது. ஆனால் மதிப்பு இறங்கும் போக்கை இது காட்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு: புதிய சிட்டி ஆன்-ரோடு 17 லட்சம், ஐந்தாண்டில் 7 லட்சத்துக்கு விற்பனை என்று கொள்வோம். இழப்பு 10 லட்சம். ஆண்டுக்கு 2 லட்சம். ஐந்தாண்டு பழைய சிட்டியை 7.5 லட்சத்துக்கு வாங்கி, டயர், பேட்டரி, புஷ், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு 75,000 செலவிட்டு, மேலும் ஐந்தாண்டு ஓட்டி 4 லட்சத்துக்கு விற்றால் இழப்பு 4.25 லட்சம், ஆண்டுக்கு 85,000. கூடுதல் பழுதுக்கு ஆண்டுக்கு 25,000 சேர்த்தாலும் 1.10 லட்சம்தான். ஆண்டுக்கு 90,000 ரூபாய் மிச்சம். ஆனால் இது சரியான வண்டியைத் தேர்ந்தவருக்கே. சிவிடி பழுதோ வெள்ளப் பாதிப்போ மறைந்திருந்தால் ஓரிரு ஆண்டு மிச்சம் ஒரே பில்லில் கரைந்துவிடும்.

ஒப்பிட வேண்டிய பிற செடான்கள் ஹூண்டாய் வெர்னா, ஸ்கோடா ஸ்லாவியா, ஃபோக்ஸ்வேகன் விர்டஸ். இம்மூன்றின் இப்போதைய தலைமுறைகள் குளோபல் என்கேப் சோதனையில் 5 நட்சத்திரம் பெற்றவை. பழைய சந்தையில் மாருதி சியாஸும் உண்டு. அதன் உற்பத்தி 2025-இல் நின்றது.

பத்தாண்டு வைத்திருக்க நினைப்பவர், புதிய பாதுகாப்பு வசதிகளும் உத்தரவாதமும் வேண்டுபவர் ஆகியோருக்குப் புதிய கார் ஏற்றது. ஓட்டம் குறைவானவருக்கும் கடன் சுமையைத் தவிர்க்க விரும்புபவருக்கும் முழு சர்வீஸ் பதிவுள்ள, ஒரே உரிமையாளரின், மூன்று முதல் ஐந்து ஆண்டு வயதுள்ள கார் பொருத்தம். பதிவு இல்லாத, கதை மட்டும் உள்ள வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், அடுத்த வண்டியைப் பார்க்கப் போவதே லாபம்.